சங்கிலி நிற்காத கழுத்துகள்

மஞ்சப்பேரியில் நாய்களின் கழுத்தில் சங்கிலி நிற்காமல் போனது, கண்மணி ஸ்டுடியோ உலகம்மாள், அரிசி மில் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் நாயைப் படம் எடுத்து, அதன் கழுத்துச் சங்கிலியை டச்சப்பில் அழித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்த பிறகுதான் என்று இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். அதற்கு முன்பும் அவள் எத்தனையோ சங்கிலிகளை அழித்திருக்கிறாளே, அப்போதெல்லாம் நடக்காதது அன்றைக்கு மட்டும் ஏன் நடந்தது என்று கேட்டால், மழைக்கும் முதல் துளி என்று ஒன்று உண்டல்லவா, போய் வேலையைப் பாருங்கள் என்பார்கள்.

கல்யாணத்தையும் காதுகுத்தையும் ஆளாளுக்குப் போனிலேயே எடுத்துக்கொள்ளத் தொடங்கிய காலத்தில், போனுக்கு மசியாத ஒரே ஜென்மம் நாய்தான் என்று கண்டுகொண்டவள் உலகம்மாள். நீல வெல்வெட் விரித்த மரப்பெட்டியின்மேல் நாயை உட்காரவைப்பாள், கேமராவுக்குப் பின்னாலிருந்து காலி முறுக்குக் கவரைக் கசக்குவாள், அந்தச் சத்தத்துக்கு நாய் காதைத் தூக்கித் தலையைச் சாய்த்துப் பார்க்கும், அந்த நொடியில் பிடித்துவிடுவாள். வளர்க்கிறவர் பக்கத்தில் நின்று சங்கிலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நாய் முறுக்குக் கவருக்குள்ளேயே வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு படத்திலும் ஒரு சங்கிலியும் ஒரு கையும் விழும். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வாய் எச்சிலைத் துடைப்பாள், கண் பீளையை எடுப்பாள், கண்ணில் வெள்ளைப் பொட்டாக ஒரு வெளிச்சம் வைப்பாள், கடைசியாகக் கையை அழித்துச் சங்கிலியை அழித்து, சங்கிலி தேய்த்துத் தேய்த்து முடி உதிர்ந்துபோன இடத்தில் நாயின் விலாவிலிருந்தே கொஞ்சம் முடி எடுத்து நாற்று நடுவதுபோல் நட்டு வைப்பாள். தெற்கே வள்ளியூரிலிருந்தெல்லாம் நாயை ஆட்டோவில் வைத்துக் கூட்டி வந்தார்கள் என்றால் அந்த முடி நடுகிற கைவேலைக்காகத்தான்.

ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. நாயை அவிழ்த்து விட ஒருவருக்கும் மனம் வராது, ஆனால் படத்தில் சங்கிலி தெரிய ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆவுடையப்பன் அண்ணாச்சியும் அப்படித்தான். வெள்ளை வெளேரென்று கிடந்த தன் ராஜபாளையம் நாய் துரையைப் பெட்டிமேல் ஏற்றிவிட்டு, சங்கிலியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு சொன்னார்.

“உலகு, சங்கிலிய எடுத்துரு பாத்துக்க. நடுவீட்டுல மாட்டுத படம். கட்டிப் போட்ட நாய்னு ஒருத்தன் சொல்லிரக் கூடாது.”

“எடுத்துருதேன் அண்ணாச்சி. ஒங்க கை?”

“கை என்னத்துக்கு? அதையும் எடுத்துரு.”

படத்தை அவர் நடுவீட்டு ஆணியில் மாட்டிய அதே நேரத்தில் வாசல் தூணில் கட்டிக் கிடந்த துரையின் கழுத்திலிருந்து சங்கிலி நழுவித் தரையில் விழுந்தது. பட்டையின் கொக்கி மாட்டியது மாட்டியபடியே இருந்தது. அண்ணாச்சி வேறு பட்டை போட்டார், நழுவியது. கயிறு போட்டார், நழுவியது. அவருடைய வீட்டம்மா தலையிலிருந்த பிச்சிப்பூச் சரத்தை எடுத்து நாயின் கழுத்தில் போட்டுப் பார்த்தாள், அது நின்றது, ஆனால் சரத்தின் நுனியைப் பிடித்து லேசாக இழுத்ததும் அதுவும் கழுத்தைக் கடந்து கையோடு வந்துவிட்டது. துரை இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்து முடித்துவிட்டு, முன்கால் நீட்டிச் சோம்பல் முறித்து, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போய், மத்தியானச் சோற்றுக்குத் திரும்பி வந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு சட்டமாக ஆணியில் ஏற ஏற, அந்தந்த வீட்டில் ஒரு சங்கிலி தரையில் விழுந்தது. பழைய படங்களுக்கும் அந்தக் குணம் பரவி, வருஷக்கணக்கில் சுவரில் தொங்கியவையும் ஒவ்வொன்றாகத் தம் நாய்களை அவிழ்த்து விட்டன. முதலில் ஊர் பயந்து கதவைச் சாத்திக்கொண்டது. கோயில் பூசாரி மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டினார், அது நழுவி அவர் காலிலேயே விழுந்ததும் பஞ்சாங்கத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார். கால்நடை டாக்டர் வைட்டமின் குறைவு என்று ஊசி போட்டார், ஊசி மட்டும் ஒழுங்காக இறங்கியது. ஆனால் நாய்கள் யாரையும் கடிக்கவில்லை, கட்டிக் கிடந்தபோது குரைத்த குரைப்பில் பாதிகூடக் குரைக்கவில்லை, சாயங்காலம் குளத்தங்கரையில் கூடி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துவிட்டுத் தத்தம் வழியில் கலைந்து போயின. மனிதர்கள் எதற்குத்தான் பழகவில்லை, இதற்கும் பழகிவிட்டார்கள். மினிபஸ் டிரைவர் கடைவீதியில் ஹாரனை விட்டுவிட்டு மெதுவாக ஓட்டப் பழகினான், கறிக்கடைக்காரர் எலும்புக்கென்று தனியாக ஒரு பலகை வைத்தார், கயிறு விற்ற கடையில் பூ விற்றார்கள், நாயை அதட்டி இழுத்துக்கொண்டிருந்தவர்கள் “வாரியாடே, போவமா” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றார்கள்.

வம்பு வேறு ரூபத்தில் வந்தது. சில நாய்கள் பகலெல்லாம் சுற்றிவிட்டுப் படுப்பதற்கு வேறு வீட்டுக்குப் போய்விட்டன. யாருடைய வாசலில் யாருடைய நாய் படுத்திருக்கிறது என்பது ஊர்ப் பேச்சாயிற்று. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகம் பார்த்த கையோடு, “ஒங்க வீட்டு நாய் ஒங்க வீட்டுலதானே படுக்கு?” என்று கேட்கத் தொடங்கினார்கள், அதற்குத் தயங்கிப் பதில் சொன்ன வீட்டில் சம்பந்தம் நின்றும் போனது. இந்தச் சிக்கலில் பெரிய தலையாக மாட்டியவர் ஆவுடையப்பன் அண்ணாச்சிதான். துரை அவருடைய மாடி வீட்டை விட்டுவிட்டு, அவருடைய மில்லிலேயே உமி அள்ளுகிற பேச்சித்தாயின் ஓட்டு வீட்டு வாசற்படியில் போய்ப் படுத்துக்கொண்டது. பேச்சித்தாய் அதற்குக் கறியும் மீனும் போட்டு மயக்கவில்லை, அவளிடம் அதற்கு வசதியும் இல்லை. உமி ஒட்டிய விரலால் அதன் காது மடலுக்குப் பின்னால் சொறிந்துவிடுவாள், அவ்வளவுதான்.

இவ்வளவுக்கும் மஞ்சப்பேரியில் ஒரே ஒரு வீட்டு நாய் மட்டும் சங்கிலியோடு இருந்தது. அது உலகம்மாளின் நாய். செம்பட்டை நிறத்தில் இருந்த அந்தப் பெட்டை நாயின் பெயர் மருதாணி. ஸ்டுடியோவின் பின்கட்டில் முருங்கை மரத்தடியில் கட்டிக் கிடக்கும். ஊர் நாய்களையெல்லாம் பெட்டிமேல் ஏற்றியவள் அதை மட்டும் ஒருநாளும் ஏற்றவில்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். மருதாணியைக் குட்டியாக லாரிக் கேபினில் வைத்துக் கொண்டுவந்தவன் அவள் புருஷன் நல்லசிவன். செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தவன், ஒருமுறை போனவன் போனதுதான். புனலூரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று ஊருக்கே தெரியும். அவன் போனதை உலகம்மாள் ஒருவழியாகத் தாங்கிக்கொண்டாள். ஆனால் செங்கோட்டை ரோட்டில் லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மருதாணி சங்கிலி முறுக்கேற மேற்கே இழுத்துக்கொண்டு நிற்கும். இதுவும் அவனைத் தேடிப் போய்விட்டால் அதை மட்டும் தன்னால் தாங்க முடியாது என்று நினைத்து, அவள் தினமும் படுக்கப் போகும் முன் அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்ப்பாள்.

அண்ணாச்சி ஒரு காலை நேரத்தில் ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்தார்.

“எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல உலகு. சங்கிலிய எடுத்தவ நீ. நீயே திரும்ப வச்சிரு.”

கேட்டதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. அழித்த சங்கிலியை மீட்க முடியவில்லை, ஆகவே துரையின் படத்தைத் திறந்து கழுத்தைச் சுற்றி ஒவ்வொரு கண்ணியாக வரைந்தாள், நிழல் கொடுத்தாள், இரும்பின் பளபளப்பைக் கொடுத்தாள். கடைசிக் கண்ணியை வரைந்து முடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், பிரிண்ட் போட்டு ஆணியில் மாட்டக்கூட இல்லை, பேச்சித்தாய் தலையெல்லாம் உமியோடு ஓடி வந்தாள்.

“ஏ உலகு, துரை சொறியத் தூக்குன கால கீழ வைக்க மாட்டேங்கு. கண்ணுல ஈ உக்காந்துருக்கு, இமைக்க மாட்டேங்கு. தட்டிப் பாத்தேன், கல்லாட்டம் இருக்கு.”

உலகம்மாள் பதறிப்போய் வரைந்ததை அழித்தாள். மூன்று தெரு தாண்டி, தூக்கிய கால் காதுக்குப் போய்ச் சொறிந்து முடித்துக் கீழே இறங்கியது என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள். வரைந்த சங்கிலிக்கு மறுமுனையில் கை இல்லை, எப்போது அவிழ்க்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. இதை அவள் அண்ணாச்சியிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, “நின்னுதுல்லா?” என்றார்.

“நின்னுது. படம் மாதிரி நின்னுது.”

“அது போதும். துரை சோத்துக்கு எங்க வாசலுக்கு வரும்போது சொல்லி அனுப்புதேன். அப்ப வரை.”

“வரைய மாட்டேன் அண்ணாச்சி.”

“யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுத்தான் சொல்லுதேன். இந்தக் கை அதைச் செய்யாது.”

மில்லின் நெல் காயப்போடுகிற களத்தில் ஊர் கூடியது. நாய் வீடு மாறிப்போனவர்கள் எல்லாரும் அண்ணாச்சி பக்கம் நின்றார்கள், மற்றவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று நடுவில் நின்றார்கள். அண்ணாச்சி குரலை உயர்த்தவே இல்லை. “ஊர் நாய எல்லாம் அவுத்து விட்டவ, ஒன் நாய மட்டும் ஏன் தாயி கட்டி வச்சிருக்கே?” என்று மட்டும் கேட்டார்.

உலகம்மாளுக்கு முகம் எரிந்தது. என்ன சொல்லி என்ன, கேள்வி நியாயமான கேள்வி. ஒருவரும் அவளுக்காகப் பேசவில்லை.

“நாளைக்கு மருதாணியப் படம் எடு,” என்றார் அண்ணாச்சி. “சங்கிலிய அழிச்சு மாட்டு. பொழுது அடையும்போது அது ஒன் பக்கத்துல இருந்துச்சுன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லைன்னா, எல்லாப் படத்துலயும் சங்கிலிய வரைஞ்சு குடுத்துரணும். அதக் கூப்பிடக் கூடாது, தீனி காட்டக் கூடாது, பிடிக்கக் கூடாது. சம்மதமா?”

ஊர் நாய்கள் அத்தனையும் காலைத் தூக்கியது தூக்கியபடி, கண்ணில் ஈயோடு வாசல் வாசலாக நிற்பதை அவள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். மருதாணி நேராக மேற்கே ஓடுவதையும் நினைத்துப் பார்த்தாள். ஆனால் சம்மதமில்லை என்று சொன்னால், இத்தனை நாள் அடுத்தவர் நாயை வைத்துத் தர்மம் பண்ணியவள் என்றாகிவிடும்.

“சம்மதம்,” என்றாள்.

மறுநாள் காலையில் மருதாணியை நீல வெல்வெட்டின்மேல் உட்காரவைத்து, சங்கிலியைப் பிடிக்க வேறு ஆள் வேண்டாம் என்று தானே ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். முறுக்குக் கவரைக் கசக்கக் கை இல்லை. தேவையும் இருக்கவில்லை, மருதாணி அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கியபோது அவள் திடுக்கிட்டுப் போனாள். எத்தனை பேருடைய கைகளை அழித்திருக்கிறாள், மோதிரக் கை, வளையல் போட்ட கை, சிகரெட் கறை படிந்த கை, ஒன்றையும் நின்று பார்த்ததில்லை. இது அவளுடைய கை. முட்டியெல்லாம் வெளுத்து, நரம்பு புடைத்து, விழப்போகிறவள் கிணற்றுக் கயிற்றைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. இவ்வளவு இறுக்கியா பிடித்திருக்கிறேன் என்று அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கட்டைவிரலை அழித்தாள், அப்புறம் மற்ற விரல்களை அழித்தாள், சங்கிலியை அழித்தாள். கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து வழுக்கையாகிக் கிடந்த வளையம் மற்ற எந்த நாய்க்கும் இருந்ததைவிட அகலமாக இருந்தது. அதில் முடி நடுவதற்குள் உச்சிப்பொழுது தாண்டிவிட்டது.

படத்தை ஆணியில் மாட்டியதும் பின்கட்டில் சங்கிலி விழுகிற சத்தம் கேட்டது. மருதாணி ஸ்டுடியோ வழியாக வெளியே வந்து, அவளைத் திரும்பியும் பாராமல் தெருவில் இறங்கியது. கடைவீதியைக் கடந்து, கறிக்கடைப் பலகையை மோந்துகூடப் பார்க்காமல், சப்பரத்தின் பின்னால் வருவதுபோல் ஊர் சற்றுத் தள்ளி வரிசையாகப் பின்னால் வர, நேராகச் செங்கோட்டை ரோட்டில் ஏறியது. ரோட்டோரத்து மைல்கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றது. லோடு முடித்து வருகிறபோது நல்லசிவன் வண்டியை நிறுத்துகிற இடம் அது. அங்கே உட்கார்ந்துகொண்டது. லாரி வந்தால் எழுந்து நிற்கும், வண்டி நிற்காமல் போனால் உட்காரும். ஒவ்வொரு லாரிக்கும் அப்படியே செய்தது.

உலகம்மாள் ஸ்டுடியோ வாசலிலேயே நின்றாள். போய்ப் பார்த்தவர்கள் வந்து வந்து சொன்னார்கள். இன்னும் அங்கனதான் இருக்கு என்றார்கள். தண்ணி வச்சோம், குடிக்கலை என்றார்கள். வெயில் சாய்ந்து எதிர்க்கடைச் சுவரில் மஞ்சளாக ஏறியபோது பேச்சித்தாய் வந்து அவள் அருகில் நின்று, “அது வராது போலிருக்கே தாயி,” என்றாள், கல்லாட்டம் நின்றுவிடப்போகிற துரையை நினைத்துத் தன் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

“ஆமா. வராது,” என்றாள் உலகம்மாள்.

அப்படிச் சொன்ன பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கூப்பிடக் கூடாது என்றார்கள், தீனி காட்டக் கூடாது என்றார்கள், பிடிக்கக் கூடாது என்றார்கள். நாயைக் கட்டிப் போட்டே பழகிய ஊருக்கு, வர வேண்டியது நாய்தான் என்பதைத் தாண்டி ஒன்றும் தோன்றவில்லை. அவள் கதவைச் சாத்தவில்லை, செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தாள். நல்லசிவன் போனதிலிருந்து அந்த ரோட்டில் அவள் கால் வைத்ததில்லை. செங்கோட்டையில் ஜோலி இருந்தால்கூடச் சுற்றிக்கொண்டு போய் ரயிலேறித்தான் போவாள். இப்போது அந்தத் தார் ரோட்டின் சூடு செருப்பையும் மீறிக் காலில் ஏறியது, திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தும் திரும்பாமல் நடந்தாள்.

மைல்கல்லுக்கு அருகில் போய், மருதாணிக்கு ஒரு முழம் தள்ளி, மண்ணில் உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை. தொடவில்லை. நாய் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தது. எதிர்ப்புறம் ஊர் நின்றுகொண்டிருந்தது, அண்ணாச்சி சூரியனையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலைப்பக்கமிருந்து ஒரு லாரி வந்தது. நல்லசிவன் வண்டியில் இருந்த அதே மாதிரியான இழுவை ஹாரன். மருதாணி எழுந்து நின்றது. உலகம்மாளும் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். இரண்டு பேரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டு நிற்க, யாரோ ஒரு வயசான டிரைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கடந்து போனார். புழுதி அடங்கியதும் மருதாணி உட்கார்ந்தது. இந்தத் தடவை அவள் காலோடு ஒட்டி, உடம்புப் பாரத்தையெல்லாம் அவள் முழங்கால்மேல் சாய்த்து உட்கார்ந்தது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது.

“நாய் ஒன்கிட்ட வரலையே. நீதான போன,” என்றார் அண்ணாச்சி.

“பக்கத்துல இருக்கணும்னுதான சொன்னீக அண்ணாச்சி. யாரு நடந்து போகணும்னு சொல்லலையே.”

பேச்சித்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஆனால் வாக்கு மாறுகிற ஆள் இல்லை அவர். மறுநாள் சாயங்காலம் தன் பிரம்பு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு பேச்சித்தாயின் தெருவுக்குப் போய், சாக்கடைக்கு இந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் வாசற்படியில் துரை படுத்திருந்தது. அவர் அதைக் கூப்பிடவில்லை. பேச்சித்தாய் கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடித்தார். நாய் வீடு மாறிப்போன மற்றவர்களும் அதற்கப்புறம் ஆளுக்கொரு நாற்காலியோடு கிளம்பினார்கள். ஆறேழு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத தெருக்களுக்கெல்லாம் நாற்காலிகள் போய் வந்தன.

மருதாணி செங்கோட்டை ரோட்டை மறந்துவிடவில்லை. சாயங்காலமானால் எழுந்து போகும், உலகம்மாளும் ஸ்டுடியோவைத் திறந்தபடி போட்டுவிட்டுக் கூடவே நடப்பாள். மைல்கல்லருகே இருவரும் உட்கார்ந்து லாரிகளைப் பார்ப்பார்கள், இருட்டினால் திரும்புவார்கள். நாய்க்காகத்தான் போகிறேன் என்று கேட்கிறவர்களிடம் சொல்லுவாள், ஊரும் அப்படித்தான் நம்பியது.

முதல் மழை பெய்து மண் வாசம் கிளம்பியிருந்த ஒரு சாயங்காலம், மைல்கல் வரை போன மருதாணி அங்கே உட்காரவில்லை. கல்லை ஒருதரம் மோந்து பார்த்தது, உடம்பை உதறிக்கொண்டது, ஊரைப் பார்க்கத் திரும்பி நடந்தது. உலகம்மாள் திரும்பவில்லை. வளைவில் ஒரு லாரியின் வெளிச்சம் தெரிந்தது, அது வந்து போகட்டும் என்று நின்றாள். அது போனது. இன்னொன்று வருகிற சத்தம் கேட்டது, அதற்கும் நின்றாள். பிறகு எதற்கோ திரும்பிப் பார்த்தபோது, ரோட்டில் கொஞ்ச தூரத்தில் மருதாணி நின்றுகொண்டிருந்தது. அவளைக் கூப்பிடவில்லை, குரைக்கவில்லை, வந்து சேலையைப் பிடித்து இழுக்கவுமில்லை. அவள் வருகிறவரைக்கும் நிற்பது என்று முடிவு செய்ததுபோல் தூறலில் நனைந்துகொண்டு அங்கேயே நின்றது. உலகம்மாள் மேற்கே ஒருதரம் பார்த்தாள். அப்புறம் அதை நோக்கி நடந்தாள்.